பீமன் ஏறிய வண்டி

"சினிமாப் படம் எடுக்கப் போகிறேன்" என்று ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் சற்று உரத்துக் கேட்டது. பிறகு, "யார் வீட்டுப் பணத்தில்?" என்ற கேள்வி வந்தது.

நியாயமான கேள்விதான். ஆனால் நான் எடுக்கப் போனது பணம் போட்டு எடுக்கும் படமல்ல. பணம் கேட்பதற்காக எடுக்கும் படம். அதுவும் மூன்றே நிமிஷம் ஓடும் படம். மூன்று நிமிஷப் படத்துக்காக நான் நான்கு மாதம் பட்ட பாட்டையும், அதில் நான் செய்த ஒரு பெரிய பிழையையும், அந்தப் பிழையிலிருந்து என்னைக் கரையேற்றிய ஒரு பெரியவரையும் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இருட்டு என்னும் செல்வம்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கை கால்களை நீட்டிப் படுத்திருப்பது ஜவ்வாது மலை. போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மேலே போய் ஜமுனாமரத்தூரில் இறங்கலாம். இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாக இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

சாமையும், தேனும், பீமன் அருவியும் இந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. ஆனால் இவற்றை விடப் பெரிய செல்வம் ஒன்று இங்கே உண்டு. அதுதான் இருட்டு! நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நகரத்து வெளிச்சம் எட்டாத வானம் வேண்டுமென்று தேடி வந்த வானநூல் அறிஞர்கள் 1960-களின் இறுதியில் இம்மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்புவின் பெயரை அந்த ஆராய்ச்சி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்த நல்ல இருட்டிலேதான் எங்கள் ஊர்க் கூத்தும் நடக்கிறது. பகலில் சாமைக் கொல்லையில் களை பறிப்பவரும், ஆடு மேய்ப்பவரும், சாலை வேலைக்குப் போகிறவரும் இரவு பத்து மணிக்கு மேல் கர்ணனாகவும் துரியோதனனாகவும் ஆகி விடுகிறார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம்: எல்லாம் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வர்ணக் காகிதமும் ஒட்டியவை. இந்த மர அணிகளுக்குக் "கட்டை" என்று பெயர். கட்டை கட்டி ஆடுவதால் இதைக் கட்டைக்கூத்து என்று சொல்வோர் உண்டு. தெருக்கூத்து என்று சொல்வோரும் உண்டு. இருவர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் ஒரு முறை காலைத் தட்டிப் பாடினால், முன் வரிசையில் தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்து விடும்.

எங்கள் குழுவின் தலைவருக்கு வாத்தியார் என்று பெயர். கூத்துச் சொல்லித் தருகிறவரை வட ஆற்காட்டுப் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கும் அதே பட்டம். குழப்பம் வராமலிருக்க ஊரார் அவரைக் "கூத்து வாத்தியார்" என்றும் என்னைப் "பள்ளிக்கூடத்து சார்" என்றும் பிரித்து வைத்தார்கள். எங்கள் இருவரில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களைத் தூங்காமல் பார்த்துக் கொள்ளும் வித்தை அவருக்குத்தான் தெரியும். அதுவும் பொழுது விடியும் வரையில்!

மூச்சு நிற்குமுன்

ஒரு நாள் மாலை கூத்து வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"சார், முகவீணைக்காரருக்கு மூச்சு குறைஞ்சு போச்சு" என்றார்.

முகவீணை என்பதைப் பார்த்திராத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரில் வீணை இருந்தாலும் அது நரம்புக் கருவி அல்ல. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி. கையளவு நீளம்தான் இருக்கும். ஆனால் அதன் குரல் மத்தளத்தையும் ஹார்மோனியத்தையும் தாண்டி எதிர் மலைவரை போகும். நடிகன் பாடி விட்ட இடத்தில் முகவீணை தொடர்ந்து பாடும். அந்த இடைவெளியில்தான் நடிகன் சுழன்று ஆடுவான். முகவீணை நின்றால் ஆட்டத்துக்கு மூச்சு நின்ற மாதிரி.

எங்கள் குழுவுக்கு வாசித்தவர் மலையடிவாரத்திலிருந்து வருகிற முதியவர். அவரிடம் கற்றுக் கொள்ள இரண்டு பையன்கள் ஆசைப்பட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதற்குப் பையைக் கட்டி விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? வீட்டில் தங்கை படிக்கிறாள். அடுப்பு எரிய வேண்டும். முதியவருக்கு மாதச் சம்பளமும், பையன்களுக்குச் சாப்பாட்டுச் செலவும், உடைந்து போன கட்டைகளைப் புதிதாகச் செதுக்குவதற்கான கூலியும் சேர்த்து இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டோம். மூன்று லட்சம் ரூபாய் வந்தது.

"செல்போன்ல படம் காட்டி உதவி கேக்கறாங்களாமே, நாமளும் கேட்டா என்ன?" என்றார் வாத்தியார்.

அன்றுதான் நான் படமுதலாளி ஆனேன்.

முன்னே நடந்தவர்கள்

கலைஞர்கள் பொது நன்மைக்காகப் பணம் திரட்டுவது நம் தேசத்தில் புதிதல்ல. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் பிறருக்காகக் கேட்கும்போது குரல் கணீரென்று வருகிறது. தனக்காகக் கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. இதுதான் கலைஞர்களின் சங்கடம்.

இந்தச் சங்கடத்தைத் தாண்டி வந்தவர்கள் இருவரை நாங்கள் முன்மாதிரியாக வைத்துக் கொண்டோம். மலையிலிருந்து கிழக்கே இறங்கி, போளூர், ஆரணி வழியாகப் போனால் செய்யாற்றுப் பக்கத்தில் புரிசை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பரம்பரை பரம்பரையாகத் தெருக்கூத்து ஆடி வரும் குடும்பத்தில் தோன்றியவர் கண்ணப்பத் தம்பிரான். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கூத்தின் பெருமையைப் படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் முன்நின்றார். நகரமும் கிராமமும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக் கொண்டன. புரிசையில் தம்பிரான் பெயரால் இன்றும் மன்றம் நடக்கிறது. அவர் நினைவாக விழாவும் நடக்கிறது.

மற்றொன்று, காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரிலுள்ள கட்டைக்கூத்துச் சங்கம். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனாரின் கூத்துக் குழுவில் சேர்ந்த பெ. ராஜகோபால், மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து 1990-இல் அதைத் தோற்றுவித்தார். டச்சு தேசத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த ஹன்னா டி புருயின் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணைவியாகவும் சங்கத்துக்குத் துணையாகவும் ஆனார். தமக்குக் கிடைக்காமற்போன படிப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டுமென்று 2002-இல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில் பெண் குழந்தைகளும் கட்டை கட்டி ஆடினார்கள்.

இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுக்குக் கூடச் சோதனைக் காலம் வந்தது. பாரதக் கூத்துக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரையில்தான் அறுவடை. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது, திருவிழாக்கள் நின்றன. 2021-லும் அதே பருவத்தில் நோய் மறுபடி ஓங்கியது. இரண்டு பருவம் பட்டினி. அந்தச் சமயத்தில்தான் கிராமத்துக் கலைஞர்கள் பலர் முதன் முதலாகச் செல்போனைப் பார்த்துப் பேசக் கற்றுக் கொண்டார்கள். எங்கள் வாத்தியாருக்கு யோசனை பிறந்ததும் அப்படித்தான்.

நான் செய்த பிழை

எனக்குச் சினேகிதர் ஒருவர் உண்டு. அடிவாரத்து ஊர்களில் கலியாண வீடியோ எடுப்பவர், தங்கமான மனிதர். கூலி வேண்டாம், பஸ் செலவு மட்டும் போதும் என்று காமிராவைத் தூக்கிக் கொண்டு வந்து விட்டார். வந்ததும் எனக்கு ஒரு உபதேசம் செய்தார்.

"சார், பார்க்கிறவன் கண்ணிலே ஜலம் வரணும். அப்பத்தான் கை பணப்பையைத் தேடும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. முகவீணை கற்க ஆசைப்பட்ட பையன்களில் இளையவனை அழைத்து, போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றி விட்டு அண்ணனின் கிழிந்த பனியனை மாட்டச் சொன்னோம். ஒழுகாத வீட்டை விட்டு விட்டு, ஆட்டுக் கொட்டகை வாசலில் உட்கார வைத்தோம். உடைந்த கிரீடம் ஒன்றை அவன் மடியில் வைத்தோம். "கொஞ்சம் கீழே பார் தம்பி, சிரிக்காதே" என்றார் சினேகிதர். பையன் கெட்டிக்காரன், நடிப்பு அவன் இரத்தத்திலேயே இருந்தது. உலகத்துத் துயரத்தையெல்லாம் முகத்தில் கொண்டு வந்து விட்டான். பின்னால் சோகமான வயலின் சங்கீதம் சேர்த்தோம். பார்த்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. பிரமாதமான படம் என்று நினைத்தேன்.

அன்று இரவு அதைக் கூத்து வாத்தியாருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் பார்த்தார். மறுபடி ஒரு முறை போடச் சொன்னார். பிறகு கேட்டார்:

"சார், இந்தப் படத்த இவனோட அம்மா பாப்பாளா?"

எனக்கு நாக்கு எழவில்லை.

"அவ சோறு போட்டுத்தான் இவனை வளர்த்தா. சட்டை வாங்கிக் குடுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா. இதைப் பாத்தான்னா நாளைக்கு இவனை எங்கிட்ட அனுப்புவாளா? பணம் வந்து, பையன் போயிட்டா, அந்தப் பணத்தை வெச்சுக்கிட்டு யாருக்கு நான் முகவீணை கத்துக் குடுக்கறது?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தி வருகிறவன் நான். ஒரு பிள்ளையின் சட்டையைக் கழற்றியதே ஒரு பொய் என்பது அந்த நிமிஷம் வரையில் எனக்கு உறைக்கவில்லை. சினேகிதரும் தலையைக் குனிந்து கொண்டார். படத்தை அங்கேயே அழித்தோம். மறுநாள் அந்தத் தாயிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள், "போங்க சார்" என்று சிரித்து விட்டு டீ கொடுத்தாள். அந்த டீயைக் குடிப்பதற்குள் எனக்கு வேர்த்து விட்டது.

வாத்தியார் சொன்ன உபாயம்

"அப்படியானால் எப்படித்தான் கேட்பது, பெரியவரே?" என்றேன்.

"பீமன் கேக்கலியா?" என்றார் அவர்.

பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பகாசுரன் வதத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏகசக்கர நகரத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்து, ஒரு வண்டிச் சோறும் ஓர் ஆளும் பகாசுரனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிராமணக் குடும்பத்தின் முறை வந்தபோது அவர்களுக்குப் பதிலாகப் பீமன் போகிறான். இந்தக் கட்டத்தில் பீம வேஷக்காரர் ஆட்டக்களத்தை விட்டு இறங்கி, வண்டியில் ஏறி, தெருத்தெருவாக ஊர்வலம் வருவார். வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து சோறும், பலகாரமும், பழமும் வண்டியில் வைப்பார்கள்.

"அப்ப யாராச்சும் பீமனைப் பிச்சைக்காரன்னு சொல்றாங்களா, சார்? எனக்குக் குடுன்னு அவன் கேக்கலே. உங்களுக்காகச் சண்டைக்குப் போறேன், வண்டியை நிரப்புங்கன்னு கேக்கறான். குடுக்கிறவ கையும் ஒசந்து நிக்குது, வாங்கிறவன் தலையும் நிமிர்ந்து நிக்குது."

நான் கல்லூரியில் படித்த பெரிய புஸ்தகம் எதிலும் இவ்வளவு தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

யோசித்துப் பார்த்தால், கூத்தில் கேட்பதும் கொடுப்பதும் எப்பொழுதுமே பகிரங்கமாகத்தான் நடக்கிறது. ஆட்டத்தின் நடுவே யாராவது ஐம்பது ரூபாய் கொடுத்தால், கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் உரக்கச் சொல்லி வாழ்த்துவான். படித்தவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள், கதை கெடுகிறதென்று. நானும் சுளித்தவன்தான். ஆனால் அமெரிக்காவில் இதே வித்தைக்கு எத்தனை மதிப்பு என்று பாருங்கள்! நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவியின் சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் தவித்தபோது, 1885-இல் ஜோசப் புலிட்ஸர் என்ற பத்திரிகாசிரியர், எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரைப் பத்திரிகையில் அச்சிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களும் ஒரு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. புலிட்ஸர் செய்தது கட்டியங்காரன் வேலைதானே?

மறுபடியும் காமிரா

இரண்டாவது படத்தை ஊர் அம்மன் திருவிழாவில் எடுத்தோம். அன்று பகாசுரன் வதம் என்று வாத்தியார் முன்கூட்டியே தீர்மானித்து விட்டார். மலைப் பாதையில் மாட்டு வண்டி கிடைக்கவில்லை. "குட்டி யானை" என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரி ஒன்றை வாழை மரம் கட்டி ஜோடித்தார்கள். வாத்தியாரே பீம வேஷம் கட்டி, கதாயுதத்தோடு அதில் ஏறி நின்றார். ஊரார் சாமையும், பலாச் சுளையும், பத்து ரூபாய் நோட்டும் வண்டியில் போட்டார்கள். முன்பு கிழிந்த பனியன் மாட்டின அதே பையன், அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு முன்னால் ஜால்ரா தட்டிக் கொண்டு நடந்தான். அவன் அம்மா ஒரு முறம் சாமையை வண்டியில் கொட்டினாள். வெளியூராரிடம் கேட்பதற்கு முன்னால் உள்ளூரார் கொடுத்து விட்டார்கள் என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த முறம் சொல்லி விட்டது.

இப்படிப் படமெடுக்க நினைக்கும் மற்ற ஊர்க் குழுக்களுக்காக, நாங்கள் அடிபட்டுக் கற்றுக் கொண்ட சில விஷயங்களைச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக் கொள்வார்கள். பேச்சுப் புரியாவிட்டால் உடனே நிறுத்தி விடுவார்கள். காமிராவிலுள்ள மைக் முகவீணையின் வீச்சைத் தாங்காமல் கரகரத்தது. எனவே வேறொரு செல்போனைத் துணியில் சுற்றி, மேளக்காரருக்கு நான்கு முழம் தள்ளி வைத்து ஒலியைத் தனியாகப் பதிவு செய்து கொண்டோம். இரண்டையும் பிறகு பொருத்துவதற்கு அடையாளமாக, தொடக்கத்தில் ஒரு முறை ஓங்கிக் கை தட்டினோம்.

இரண்டாவது, வெளிச்சம். எங்கள் இருட்டு நட்சத்திரத்துக்கு நல்லது, காமிராவுக்கு ஆகாது. வேஷம் கட்டுவதையும் ஊர்வலத்தையும் மாலை வெயில் சாயும் நேரத்தில் எடுத்தோம். இரவு ஆட்டத்துக்கு விளக்குகளை ஆட்டக்காரர்களுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் உயரத்தில் கட்டினோம். கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் அப்பொழுதுதான் பேசத் தொடங்கின.

மூன்றாவது, அளவு. எடுத்தது ஆறு மணி நேரம். வைத்துக் கொண்டது மூன்று நிமிஷம். பஸ்ஸில் நின்று கொண்டே செல்போனில் பார்க்கிறவருக்கு அதற்கு மேல் பொறுமை இராது. வெட்டி எறியப்பட்டவற்றுள் முதலாவது, தமிழ்க் கலையின் தொன்மையைக் குறித்து நான் செய்த நீண்ட பிரசங்கம். ஒருவரும் அதற்காக அழவில்லை.

நான்காவது, கேட்கும் விஷயம். "கலையைக் காப்பாற்றுங்கள்" என்றால் எவர் காதிலும் ஏறாது. கட்டியங்காரர் தம் வழக்கமான கேலிப் பேச்சோடு வந்து, முதியவருக்கு இவ்வளவு, பையன்களுக்கு இவ்வளவு, கட்டைக்கு இவ்வளவு, ஆகமொத்தம் மூன்று லட்சம் என்று விரல் விட்டு எண்ணினார். "பீமன் மாதிரி வண்டிச் சோத்தை நாங்களே தின்னுட மாட்டோம், கணக்குக் காட்டுவோம்!" என்று அவர் சொன்னது எழுதிக் கொடுத்த வசனமல்ல.

ஐந்தாவது, சம்மதம். படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவருக்கும், குழந்தைகளானால் பெற்றோருக்கும், முழுப் படத்தையும் போட்டுக் காட்டி, சரியென்று சொன்ன பிறகே வெளியே விட்டோம். ஒரு பாட்டி மட்டும் தாம் வெற்றிலை போடும் காட்சி வேண்டாமென்றார். எடுத்து விட்டோம்.

சட்டமும் சில்லறையும்

படம் எடுத்து விட்டால் போதாது. வருகிற பணத்தை வாங்கிக் கொள்ள முறையான கை வேண்டும். ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்படி குழுவைப் பதிவு செய்து, சங்கத்தின் பெயராலேயே வங்கிக் கணக்குத் திறந்தோம். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையின் புண்ணியத்தால், படத்தின் கடைசியில் ஒரு கட்டம் போட்ட சதுரத்தைக் காட்டினால் போதும். பார்க்கிறவர் இன்னொரு செல்போனால் அதைப் பார்த்துப் பத்து ரூபாயும் அனுப்பலாம்.

"80ஜி" என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகை கொடுப்பவருக்குக் கிடைக்க வேண்டுமானால், சங்கம் அதற்காக வருமானவரி இலாகாவில் தனியே பதிவு பெற வேண்டும். அப்படிப் பெற்றாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தக் காரியங்களின் ஜாபிதாவில் பாரம்பரியக் கலைகளும் இருக்கின்றன என்பது பல கூத்துக் குழுக்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடல் கடந்த தமிழர்களுக்கு இப்படிப்பட்ட படத்தைக் கண்டதும் உள்ளம் உருகும். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடிமகனாகி விட்டவர் அனுப்பினாலோ அது அந்நியப் பணம். 2010-ஆம் ஆண்டு அந்நிய நன்கொடைச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி பெறாத சங்கம் அதைத் தொடக் கூடாது. எங்களுக்கு அந்த அனுமதி இல்லை. ஆகையால் அப்படி வந்த இரண்டு அன்பர்களிடம், "அடுத்த முறை ஊருக்கு வரும்போது கூத்துப் பார்க்க வாருங்கள்" என்று மட்டும் பதில் எழுதினோம். ஆசையை அடக்கிக் கொண்டுதான் எழுதினோம் என்பதை மறைப்பானேன்?

நடுநிசியில் ஒரு பட்டியல்

பலன் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கண்ணீர் சிந்தும் பழைய படத்தை விட்டிருந்தால் ஒரே வாரத்தில் மூன்று லட்சமும் வந்திருக்கும் என்று என் சினேகிதர் இன்னும் சொல்கிறார். ஒரு வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். எங்களுக்கு மூன்று மாதத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் கிடைத்தது. அதனால் கட்டை செதுக்குவதைத் தள்ளி வைத்து, முகவீணையை மட்டும் முதலில் எடுத்துக் கொண்டோம். வரவு செலவைக் கோயில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மாதந்தோறும் ஒரு கடுதாசி மாறும்.

திருப்பூருக்குப் பை கட்டின பையன் போகவில்லை. அவனும் வெள்ளைச் சட்டைப் பையனும் தினம் காலையில் பாறை மேல் உட்கார்ந்து ஊதுகிறார்கள். இப்போதைக்கு அந்த ஓசையைச் சங்கீதம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு ஆடுகளின் அபிப்பிராயமும் அதுவே. முதியவர் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருக்கிறார்; சில சமயம் தலையை அசைக்கிறார்.

அடுத்த கூத்தில், நடுநிசி தாண்டியபின், கட்டியங்காரர் ஆட்டத்தை நிறுத்தி ஒரு நீண்ட காகிதத்தைப் பிரித்தார். பணம் அனுப்பிய அத்தனை பேரின் பெயரும், ஊரும், தொகையும்! மதுரை, மும்பை, சென்னை, காரைக்குடி என்று மலைக்கு ஒரு நாளும் வந்திராதவர்களின் பெயர்களெல்லாம் அந்த இருட்டில் ஒலித்தன. ஒவ்வொரு பெயருக்கும் மத்தளம் ஒரு அடி அடித்தது. அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, நானும் சுளிக்கவில்லை.

கடைசிப் பெயர் உள்ளூர்ப் பெயர்தான்: ஒரு முறம் சாமை கொடுத்த அம்மாள். அதற்கு மத்தளக்காரர் இரண்டு அடி அடித்தார்.